ஜன்னலை மூடிய வீட்டில் ஒன்பது தொட்டிகள்

கொஞ்ச நாளைக்குத்தானே. மதினி அப்படித்தான் சொன்னாள். காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல், எனக்குப் பின்னால் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். கொஞ்ச நாளைக்குத்தானே வசு, உங்கம்மா வீட்டுல போய் ரெஸ்ட் எடுத்துக்கயேன். காலண்டரில் ஞாயிற்றுக்கிழமையைச் சிவப்பு மையால் வட்டம் போட்டு வைத்திருந்தது நான்தான். ஞாயிற்றுக்கிழமை மதினியின் மகள் யாழினிக்கு நிச்சயதார்த்தம். அதற்கு முன்னால் ரெஸ்ட், அதற்குப் பின்னால் என்னவாம்?  செடிக்குத் தண்ணி ஊத்தணும் என்று எழுந்து இந்த அறைக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். தாழ்ப்பாள் போடவில்லை. தாழ்ப்பாள் போட்டால் பயந்துவிட்டாள் என்று நினைப்பார்கள். செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு இவர் ஏன் ஆபீஸ் போகாமல் வீட்டில் இருக்கிறார் என்று காலையிலிருந்தே ஒரு முள் உறுத்திக்கொண்டிருக்கிறது. உடம்பு கொதிக்குது, லீவு சொல்லிட்டேன் என்றார். நெற்றியில் கை வைத்துப் பார்த்தேன், மண்பானைத் தண்ணீர் மாதிரிக் குளிர்ந்திருந்தது. பத்தொன்பது வருஷம் குடும்பம் நடத்தியும் ஜெகதீசனுக்குப் பொய் சொல்ல வரவில்லை. அது நல்லதா கெட்டதா என்று இப்போது தெரியவில்லை. ஹாலில் அக்காவும் தம்பியும் தணிந்த குரலில் பேசிக்கொள்கிறார்கள். தணிந்த குரல்தான் சத்தமான குரலைவிடத் தெளிவாகக் கதவு வழியாக வருகிறது.

நீல ரப்பர் கையுறை, மூக்குக்கு மாஸ்க். ஆபரேஷன் பண்ணப் போகிறவள் மாதிரி நிற்கிறேன். ஒன்பது தொட்டிகள். இந்த அறை கிழக்குப் பார்த்தது, இந்த வெயிலுக்காகத்தான் மூன்றாவது மாடியில் இந்த வீட்டையே எடுத்தோம், காலை ஆறரைக்கு வெளிச்சம் தரையில் பாய் விரித்த மாதிரி விழும். இப்போது ஜன்னல் கண்ணாடியில் பழுப்பு ஒட்டுத்தாள், அதன் மேல் கனத்த திரை, ஒரு வருஷம் நாலு மாசமாக. திரைக்கும் சுவருக்கும் இடையில் ஒரு விரல் அகலத்துக்குக் கசிகிற வெளிச்சமும், வராந்தாப் பக்கம் மேலே இருக்கிற சின்னக் கண்ணாடி வழியாக வருகிறதும்தான் இதுகளுக்கு. முதலில் மருள். பாம்புச் செடி என்கிறார்கள், பாம்பு மாதிரி வரி ஓடுகிறதால். தொட்டியில் ஐஸ்கிரீம் குச்சியைச் செருகுகிறேன். முன்பெல்லாம் விரலை விட்டுப் பார்ப்பேன், இரண்டாவது கணு வரைக்கும், ஈரமா காய்ந்ததா என்று விரலே சொல்லிவிடும். ரப்பர் கையுறைக்கு ஈரம் தெரியாது. அதனால் குச்சி. குச்சியில் மண் ஒட்டி வந்தால் தண்ணீர் வேண்டாம், சுத்தமாக வந்தால் ஊற்றலாம். ஒட்டி வருகிறது. தண்ணீர் ஊற்றிப் பத்தொன்பது நாளாகியும் அடியில் ஈரம். அப்படியே இரு. உன்னை நான் ஒன்றும் செய்யப் போவதில்லை. இந்தச் செடி தண்ணீர் ஊற்றாமல் விட்டுச் செத்ததைவிட ஊற்றி ஊற்றிச் செத்ததுதான் அதிகம். முதல் மருளை நான் அப்படித்தான் கொன்றேன், பாசத்தில், தினமும் காலையில் ஒரு டம்ளர். அடித்தண்டு கூழாகி, தூக்கினதும் கையோடு வந்தது, நாற்றம் ஒரு வாரம் போகவில்லை. கவனிப்பு என்பது கைநிறையச் செய்வது என்றுதான் எனக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். எத்தனை பேரை இப்படிக் கவனித்திருக்கிறேன். மதினியின் இரண்டாவது பிரசவத்துக்கு நாற்பது நாள் பத்தியச் சாப்பாடு என் கையால். நாற்பது நாள் அவள் என் முகத்தைப் பார்த்துத்தானே சாப்பிட்டாள்?

முகம். கையை எடு, கையுறையோடு முகத்தைத் தொடாதே. கன்னத்தில் இரண்டு பக்கமும் மூக்குத் தண்டு வழியாக இணைந்த சிவப்பு. டாக்டர்கள் இதை வண்ணத்துப்பூச்சி என்பார்களாம். மூட்டு டாக்டர் மகேந்திரன் ஒரு படத்தைக் காட்டி, பாருங்கம்மா ரெக்கை விரிச்ச மாதிரி இருக்கும் என்று சொன்னபோது எனக்கு அவரை அடிக்க வேண்டும் போல இருந்தது. பாவம், அவர் மென்மையாகச் சொல்ல நினைத்தார். லூபஸ். உங்க உடம்பே உங்க உடம்பை எதிரின்னு நெனச்சுச் சண்டை போடுது, வெயில் பட்டா சண்டை பெருசாகும், வெயில் ஆகாது. மதுரையில் இருந்துகொண்டு வெயில் ஆகாது என்பது கடலுக்குள் இருந்துகொண்டு உப்பு ஆகாது என்பது மாதிரி. நான் சிரித்துவிட்டேன். இவர் என் முழங்கையை அழுத்தினார், டாக்டர் முன்னாடிச் சிரிக்கக் கூடாதென்று. அழுதால் பரவாயில்லை போலிருக்கிறது. எத்தனை நாளைக்கு சார் என்று கேட்டது நான்தான். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, நாள்கணக்கு இல்லம்மா, இதோட வாழக் கத்துக்கணும் என்றார். ஒளிக்காமல் சொன்னார். அதனால்தான் அவரை எனக்குப் பிடிக்கிறது. கொஞ்ச நாளைக்கு என்று அவர் சொல்லவில்லை. கொஞ்ச நாள் என்கிற அளவை மதினி எந்தக் கடையில் வாங்கினாள்?

அப்போது மொட்டைமாடியில் முப்பத்திரண்டு தொட்டிகள் இருந்தன. பன்னீர் ரோஜா, செம்பருத்தி, நித்தியமல்லி, பெயின்ட் டப்பாவில் கறிவேப்பிலை. ஏப்ரல் மாதம் ரோஜாவுக்குக் கிளை வெட்டிக் கவாத்துப் பண்ணிவிட்டு இறங்கி வந்த மத்தியானம்தான் கன்னம் எரிய ஆரம்பித்தது. ஆஸ்பத்திரியில் இருந்த பதினோரு நாளும், செடிக்கு ஊத்திட்டீங்களா என்று கேட்டேன், ஊத்திட்டேன் என்றார் இவர். பொய் சொல்லத் தெரியாதவர் என்றேனே, போனில் நன்றாகவே சொல்வார், நெற்றி தெரியாதில்லையா. திரும்பி வந்து பொழுது சாய்ந்த பிறகு மாடியேறிப் பார்த்தேன். முப்பத்திரண்டும் சருகு. தொட்டால் பொடிந்தது. அவர் பின்னாலேயே வந்து நின்று, உன்னை நெனச்சுட்டே இருந்ததுல மறந்துட்டேன் வசு என்றார். அது உண்மையாகவே இருக்கலாம். என்னைப் பற்றிய கவலையில் என்னுடையதை எல்லாம் சாகவிட்டு விடுகிறவர்கள். நான் அழவில்லை. மறுநாள் சாயங்காலம் ஆறரைக்கு மேல் ஆட்டோ பிடித்து அழகர்கோவில் ரோட்டில் இருக்கிற நர்சரிக்குப் போனேன். ஸ்டிராய்டில் வீங்கின முகத்தோடு. ரெஜினா அக்கா கடையை மூடிக்கொண்டிருந்தார்கள். தலையில் முண்டாசு, கையில் ஓஸ் பைப், என்னைவிட ஆறேழு வயது கூட இருக்கும். இருட்டுல வளர்ற செடி வேணும் என்றேன். இருட்டுல எதும்மா வளரும் காளானைத் தவிர, என்றார்கள். இந்த ஊரில் அன்றைக்கு என்னிடம் ஆறுதல் சொல்லாமல் பேசின ஒரே ஆள். பிறகு ஓஸ் பைப்பைக் கீழே போட்டுவிட்டுக் கேட்டார்கள், உங்க ரூம்ல பகல் பன்னெண்டு மணிக்கு லைட்டு போடாம பேப்பர் படிக்க முடியுமா? தெரியாது என்றேன். பாத்துட்டு வாங்க, படிக்க முடிஞ்சா அதுக்கு வேற செடி, எழுத்து மங்கலாத் தெரிஞ்சா அதுக்கு வேற செடி, ஒண்ணுமே தெரியலைன்னா செடியை விட்டுருங்க, பொம்மை வாங்கி வைங்க.

மறுநாள் பன்னிரண்டு மணிக்கு இந்த அறையில் பேப்பரை விரித்துக்கொண்டு நின்றேன். தலைப்பு தெரிந்தது. உள்ளே பொடி எழுத்து, கண்ணை இடுக்கினால், தெரிந்தது. மாவட்டத்தில் குடிநீர்க் குழாய் உடைப்பு என்பதை அவ்வளவு சந்தோஷமாக யாரும் வாசித்திருக்க மாட்டார்கள். ஓடிப்போய் இவரிடம் சொன்னேன், படிக்க முடியுதுங்க. என்னது? பேப்பர். அவர் பயந்துவிட்டார். மாத்திரையினால் மூளை குழம்புகிறதோ என்று தன் அக்காவுக்குப் போன் பண்ணியிருக்கிறார், பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

இரண்டாவது, இசட் இசட் செடி. அடியில் உருளைக்கிழங்கு மாதிரிக் கிழங்கு, அதில் தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொள்ளும், மாசத்துக்கு ஒரு தரம் போதும். குச்சி சுத்தமாக வருகிறது. அரை லிட்டர். அடித்தட்டில் வடிகிற வரை ஊற்றி, வடிந்ததைக் கொட்டிவிட வேண்டும், தேங்கினால் கருப்புக் கொசுப் பூச்சி வரும். போன மழைக்காலத்தில் வந்தது. மதினி மூக்கின் மேல் உட்கார்ந்தது ஒன்று, அன்றைக்குத்தான் இந்த ஒன்பதும் அவள் கண்ணில் பட்டது. மூன்றாவது மணி பிளாண்ட். வாங்கும்போது இலையில் மஞ்சள் தெளித்த மாதிரி இருந்தது, இப்போது புது இலை எல்லாம் வெறும் பச்சை. வெளிச்சம் குறைந்தால் மஞ்சளைக் கைவிட்டுவிடும். நான்காவது ஐந்தாவது அக்லோனிமா. சிவப்பு இலைக்காரியை ஆசைப்பட்டு எடுத்தேன், ரெஜினா அக்கா கையிலிருந்து பிடுங்கி வைத்தார்கள், கலர் ஜாஸ்தியா இருக்கறதுக்கு வெளிச்சமும் ஜாஸ்தி வேணும், பச்சையை எடுங்க. ஆனாலும் ஒரு குரோட்டனைத் தெரியாமல் வேறு கடையில் வாங்கி வந்து வைத்தேன். பிடிவாதம். பத்து நாளில் இலை எல்லாம் உதிர்ந்து ஈர்க்குச்சி மாதிரி நின்றது. அதைக் கீழ்வீட்டுக்காரர்களுக்குக் கொடுத்தேன், அவர்கள் பால்கனியில் இப்போது தளதளவென்று இருக்கிறது. செடியும் நானும் ஒன்று என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். யாழினிகூட ஒரு நாள் சொன்னாள், அத்தே, நீங்களும் இந்தச் செடி மாதிரிதான், இருட்டுலயும் பச்சையா. பேசாம இருடி என்றேன். இதுகளுக்கு நிழல் ஒத்துக்கொள்கிறது. எனக்கு நிழல் பிடிக்காது. எனக்கு வெயில் பிடிக்கும். உச்சி வெயிலில் வற்றல் காயப் போட்டுவிட்டு உள்ளங்கால் சுடச் சுட ஓடி வருவது பிடிக்கும். நான் ஒன்றும் நிழலில் மனம் நிறைந்துபோய் உட்கார்ந்திருக்கவில்லை, எனக்கு மறுக்கப்பட்டிருக்கிறது. மறுக்கப்பட்ட இடத்தில் எதை வைத்தால் பிழைக்கும் என்று கணக்குப் பார்த்து ஒன்பது உயிரை வைத்திருக்கிறேன், அவ்வளவுதான். அதற்கு மேல் இதில் தத்துவம் கிடையாது.

ஆறாவது, பீஸ் லில்லி. தொட்டியைத் தூக்கும்போது விரல் மடங்கவில்லை. காலையில் இப்படித்தான், பத்து விரலும் யாரோ இரவல் கொடுத்த மாதிரி. பதினொரு மணி ஆனால் சரியாகும். ஆகாமல் போனால்? வரும் பதினாலாம் தேதி யூரின் டெஸ்ட். போன தடவை புரதம் கொஞ்சம் போயிருக்கு என்றார் டாக்டர், கிட்னியை இப்பவே கவனிச்சுட்டா... என்று ஒரு வாக்கியத்தைப் பாதியில் நிறுத்தினார். அந்தப் பாதி வாக்கியம்தான் காலை மூன்று மணிக்கு முழித்துக்கொண்டு என் பக்கத்தில் படுத்திருக்கும். கவனிச்சுட்டா சரி, கவனிக்காவிட்டால்? கவனித்தும் ஆகாவிட்டால்? மனசு அங்கே போய் முட்டித் திரும்பும், மறுபடியும் போகும், ஈ கண்ணாடியில் முட்டுகிற மாதிரி. இலையைத் துடை வசு. ஈரத் துணியால் ஒவ்வொரு இலையாக, அடியில் ஒரு கையைக் கொடுத்து மேலே துடை. தூசி படிந்தால் வருகிற கொஞ்ச வெளிச்சத்தையும் தூசியே தின்றுவிடும். பீஸ் லில்லியில் பதினேழு இலை. ஒன்று. இரண்டு. மூன்றாவது இலைக்கு வரும்போது ஹாலில் என் பெயர் இல்லாமல் என்னைப் பற்றிப் பேசுவது கேட்கிறது. அந்தப் பொறுப்பை சித்ராவே பாத்துக்கட்டும்டா. சித்ரா இவர்களுடைய சித்தப்பா மகனின் மனைவி. எந்தப் பொறுப்பு?

துணி கையிலேயே நிற்கிறது. தாய்மாமன் சீர். நிச்சயத்துக்குத் தாய்மாமன் கொண்டு போகிற முதல் தட்டை, புடவையும் பூவும் வைத்த தட்டை, தாய்மாமன் மனைவிதான் ஏந்திக்கொண்டு முன்னால் நடக்க வேண்டும். நான்தான் ஏந்த வேண்டும். யாழினி காது குத்துக்கு நான் ஏந்தினேன். சடங்குக்கு நான் ஏந்தினேன், அப்போது பட்டுப்புடவை முந்தி தடுக்கி விழப்போய் இவர் பிடித்தார், வீடியோவில்கூட இருக்கிறது. இப்போது சித்ராவா? மாப்பிள்ளை வீட்டுல கேட்டாகடா, போட்டோவுல இருக்கறது யாரு, முகத்துல என்ன அப்படின்னு. நான் அலர்ஜின்னு சொல்லி வச்சிருக்கேன். இவர் ஏதோ சொல்கிறார், கேட்கவில்லை. இவர் ஏதோ சொல்லாமலும் இருக்கலாம். அவகிட்ட நேரா சொன்னா மனசு ஒடிஞ்சுரும். உன் மாமியார் ஊருக்கு அனுப்பிரு, கொஞ்ச நாளைக்குத்தானே. அந்தத் தொட்டியெல்லாம் இன்னிக்கே கீழ எறக்கிரு, மண்ணுல என்னென்ன கிருமியோ, அதுதான் அவளுக்கு ஒத்துக்காம இருக்கு. தொட்டி இருந்தா அவ நகரமாட்டா. சரி. சரியாகத்தான் கண்டுபிடித்திருக்கிறாள் மதினி. தொட்டி இருந்தால் நான் நகர மாட்டேன். யார் தண்ணீர் ஊற்றுவார்கள்? ஊற்றிட்டேன் என்று போனில் யார் சொல்வார்கள்? லீவு இதற்குத்தான். நெஞ்சுக்குள் முதலில் வந்தது கோபம் இல்லை, வெட்கம். எனக்கு எதற்கு வெட்கம்? போட்டோவில் இருப்பது என் முகம். திருட்டு முகமா? வெட்கம் போய்க் கோபம் வருகிற சத்தம் உடம்பில் எங்கேயோ கேட்கிறது, குக்கரில் விசில் வருவதற்கு முன்னால் ஒரு அசைவு இருக்குமே அப்படி. இரு. அவசரப்படாதே. நான்காவது இலை. ஐந்து. பதினேழையும் துடைத்து முடித்தேன். தொட்டியைக் கால் திருப்பம் திருப்பி வைத்தேன், வாரம் ஒரு தரம் திருப்பாவிட்டால் வெளிச்சப் பக்கமே சாய்ந்து கோணிக்கொள்ளும். லிப்ட் கதவு இழுக்கிற சத்தம். காலிங் பெல்.

கதவைத் தட்டிவிட்டு இவர்தான் முதலில் உள்ளே வந்தார். பின்னால் வாட்ச்மேன் செல்லப்பாண்டி, தோளில் கோணிச் சாக்கு. அவருக்குப் பின்னால் மதினி, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு. வசு, இது கொஞ்சம்... என்று இவர் ஆரம்பித்து, தரையைப் பார்த்தார். மதினி முடித்தாள். "டாக்டரே சொல்லியிருப்பாருத்தா, மண்ணு ஆகாதுன்னு. உன் நல்லதுக்குத்தான். பாண்டி, அந்த ஓரத்துல இருந்து எடுங்க." செல்லப்பாண்டி குனிந்து மருளைத் தூக்கினார். பத்தொன்பது நாள் ஈரத்தை வைத்திருந்த மருள். அவர் மேல் எனக்குக் கோபமில்லை, ஊரில் வயல் வைத்திருந்தவர், தொட்டியைத் தூக்குகிற விதத்திலேயே தெரிகிறது, இலையைப் பிடிக்காமல் அடியைப் பிடித்துத் தூக்கினார்.

"கீழ வைங்க" என்றேன்.

மாஸ்க்குக்குள்ளிருந்து வந்த குரல் எனக்கே புதிதாக இருந்தது. செல்லப்பாண்டி இவரைப் பார்த்தார். இவர் அக்காவைப் பார்த்தார். ஒரு தொட்டி அந்தரத்தில் நிற்க, மூன்று பேர் பார்வை ஒருத்தரை விட்டு ஒருத்தருக்குப் போய்க்கொண்டிருந்தது, என்னிடம் மட்டும் வரவில்லை. ஒரு வருஷம் நாலு மாசமாக இப்படித்தான். காய்கறிக்காரர் தராசைப் பார்ப்பார், பக்கத்து வீட்டம்மா என் கழுத்துச் சங்கிலியைப் பார்ப்பார், இவர் படுக்கும்போது விளக்கை அணைத்துவிட்டுத்தான் என் பக்கம் திரும்புவார். நான் மாஸ்க்கைக் கழற்றினேன்.

"சாரைப் பாக்காதீங்க பாண்டி. செடி என்னுது. என்னையப் பாருங்க."

பார்த்தார். முதலில் படபடவென்று கண் சிமிட்டினார், பிறகு நன்றாகவே பார்த்தார், நெற்றியிலிருந்து தாடை வரைக்கும். அரை நிமிடம் இருக்கும். அவ்வளவு நேரம் என் முகத்தை யாரும் பார்த்து நாளாயிற்று, எனக்குக் கண் கலங்கப் பார்த்தது, கலங்க விடவில்லை. "சரிங்கம்மா" என்றார். தொட்டியை எடுத்த இடத்திலேயே, ஒரு விரல்கூட விலகாமல் வைத்தார். சாக்கை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "நான் கேட்டுக்கிட்ட இருக்கேன் சார்" என்று இவரிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மதினிக்கு முகம் சுருங்கிவிட்டது. "வேலைக்காரன் முன்னாடி என்னை அவமானப்படுத்தணும்னு நெனச்சியா?"

"டாக்டர்கிட்ட நான் ஆறு மாசம் முன்னாடியே கேட்டாச்சு மதினி. கையுறை போடுங்க, மூக்கை மூடுங்க, சாண உரம் வேண்டாம்னாரு. மூணும் செய்யிறேன். செடி வேண்டாம்னு அவர் சொல்லல. நீங்க சொல்றீங்க." கதவைக் கையால் காட்டினேன்.  "கதவு மெல்லிசுதான். சித்ரா தட்டு எடுக்கறது வரைக்கும் கேட்டுச்சு."

 மேல்வீட்டில் மிக்ஸி ஓடி நின்றது. இவர் கன்னம் துடித்தது. எனக்கு இவரை அந்த நேரத்தில் உலுக்க வேண்டும் போல இருந்தது, பேசு, ஒரு வார்த்தை, பத்தொன்பது வருஷத்துக்கு ஒரு வார்த்தை. மதினிதான் பேசினாள், குரல் கீழே இறங்கியிருந்தது, கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். "எனக்கு மட்டும் ஆசையாத்தா? பொண்ணு வாழப்போற இடம். அவுக கேக்குறாக. வம்சத்துல இருக்கற சீக்கோ, நாளைக்கு யாழினிக்கு வருமோ, பொறக்கிற பிள்ளைக்கு வருமோன்னு. நான் என்ன பண்ணட்டும்?" அவள் கண்ணில் நிஜமான பயம் இருந்தது. அந்தப் பயத்தை எனக்குத் தெரியும், காலை மூன்று மணிக்கு என் பக்கத்தில் படுப்பதும் அதன் தங்கச்சிதான். ஒரு கணம் இறங்கிப் போயிருப்பேன். சரி மதினி, சித்ராவே எடுக்கட்டும் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது, விட்டுக்கொடுத்துப் பழகின நாக்கு. அப்புறம்தான் அவள் சொன்னது எனக்குள் முழுசாகப் போய்ச் சேர்ந்தது. சிரிப்பு வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் வந்த அதே சிரிப்பு, இப்போது யாரும் முழங்கையை அழுத்தவில்லை.

"மதினி, வம்சமா? நான் உங்க வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்தவ. ஒங்க ரத்தம் வேற, என் ரத்தம் வேற. எனக்கு வந்தது யாழினிக்கு எந்த வழியா வரும்? என் கையால சோறு தின்னா வருமா? ஒட்டுறதும் இல்ல, தொத்துறதும் இல்ல."

 ராத்திரி பகலாக அவள் பயந்த பயத்தில் இந்த ஒரு எளிய கணக்கு விடுபட்டுப் போயிருக்கிறது. அவள் முகத்தில் முதலில் நிம்மதி வந்தது, அப்புறம் அந்த நிம்மதியை என்னிடமிருந்து வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறதே என்கிற எரிச்சல். "எனக்குத் தெரியுது. அவுகளுக்கு யாரு சொல்லிப் புரியவைக்கிறது?" என்றாள்.

"நான் சொல்றேன். அலர்ஜின்னு சொன்னதை இன்னிக்கே திருத்திருங்க. பேரு லூபஸ், இன்னாருக்கு இருக்கு, அவ தாய்மாமன் சம்சாரம், தட்டு அவதான் எடுப்பான்னு சொல்லுங்க. சந்தேகம் இருந்தா ஞாயித்துக்கிழமை என்கிட்டயே கேக்கட்டும். மறைச்சு வச்சுக் கட்டிக்கொடுத்தா, நாளைக்கு ஒரு நாள் நான் யாழினி வீட்டுக்கு எந்த முகத்தோட போறது? எனக்கு இருக்கறது இந்த ஒண்ணுதான்."

"பவுடர், கிவுடர் எதாவது போட்டு..."

"போடமாட்டேன். எரியும். எரியலைன்னாலும் போடமாட்டேன்."

மதினி தம்பியைத் திரும்பிப் பார்த்தாள், ஏதாவது சொல்லேன்டா என்கிற மாதிரி. இவர் தொண்டையைச் செருமினார். "வசுதான் எடுப்பா, அக்கா" என்றார். சத்தம் வரவில்லை, காற்றுதான் வந்தது. மறுபடியும் செருமிவிட்டுச் சத்தமாகச் சொன்னார். "வசு எடுக்கலைன்னா நானும் சீர் கொண்டு வரல." இதை அரைமணி நேரத்துக்கு முன்னால் ஹாலில் வைத்துச் சொல்லியிருக்கலாம். பதினோரு நாள் தண்ணீர் ஊற்றியிருக்கலாம். இருக்கலாம்தான். ஆனாலும் சொன்னார், அக்காவின் கண்ணைப் பார்த்துச் சொன்னார், நெற்றியில் இப்போது உண்மையாகவே வியர்த்திருந்தது. நான் அவருக்கு நன்றி சொல்லவில்லை. நன்றி சொல்ல வேண்டிய விஷயமில்லை இது. ராத்திரி விளக்கை அணைக்காமல் பேச வேண்டியது நிறைய இருக்கிறது.

மதினி எழுந்து புடவையை உதறிவிட்டுக்கொண்டாள். செருப்பு மாட்டும்போதும் என்னோடு பேசவில்லை, கதவுப் பிடியோடு பேசுகிற மாதிரிச் சொன்னாள். "காலையில ஏழு மணிக்கெல்லாம் மண்டபத்துல இருக்கணும். லேட்டாக்கிராத."

"ஏழுக்கு வெயில் ஏறிரும் மதினி. நான் அஞ்சரைக்கே வந்து மண்டபத்தைத் திறக்கச் சொல்லிருவேன். நீங்க வர்றப்ப உள்ள நின்னு வாங்கன்னு கூப்பிடுறேன்."

லிப்ட் வந்து நின்றது. இரும்புக் கதவை இழுத்துவிட்டு உள்ளே போனவள், திரும்பி நின்றாள். வந்ததிலிருந்து இப்போதுதான் நேராகப் பார்த்தாள். கன்னத்தை, மூக்கை, கண்ணை. பார்க்கட்டும் என்று நானும் அசையாமல் நின்றேன். பிரசவத்தில் படுத்திருந்தவள் சோற்றுத் தட்டுக்கு மேலாக என்னைப் பார்த்த பார்வை அது இல்லை, இது வேறு, ஆளை எடை போடுகிற பார்வை. அப்படியே இருக்கட்டும், எனக்கு இரக்கம் வேண்டாம்.

"வாசல்ல சந்தனக் கிண்ணம் புடிக்க ஆள் சொல்லல. வர்றவுகளுக்கெல்லாம் நீயே குடுத்துரு" என்றாள்.

"குடுக்குறேன்" என்றேன்.